வளர்பிறையில் வெட்டிய மூங்கில்

பொன்னு, என் சாமி,

குமுளிச் சோமு வந்து நடந்ததைச் சொன்னபோது நம் வாசலில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். உன் அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா எதிரே முக்காலியில். பிள்ளையுண்டாகி நம் வீட்டுக்கு வந்திருக்கும் உன் அக்கா தங்கமணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மோர்ச் சொம்பைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். பிறகு சோமு. இவ்வளவு பேர்தான். அக்கம்பக்கத்தார் ஒருவரும் இல்லை, வேலையாட்கள் கடலைக்காட்டில் இருந்தார்கள். யார் யார் காதில் விழுந்ததோ என்று நீ அந்தத் தூரதேசத்தில் உட்கார்ந்து மருகுவாய் என்பதால்தான் இந்தக் கணக்கு. விழ வேண்டிய காதுகளில் மட்டும்தான் விழுந்தது.

சோமுவின் மேல் கோபப்படாதே. உன்னோடு ஒரே தெப்பத்தில் ஏறி, உன்னோடு நடுக்கடலில் தத்தளித்து, உன்னோடு ஏடனில் கரையேறியவன் அவன். ஊர் திரும்பியதும் தன் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மலையிறங்கி, பஸ் மாறி மாறிப் பெருமாட்டிக்கு வந்து நின்றான். கையில் அவன் அம்மா கொடுத்தனுப்பிய ஏலக்காய்ப் பொட்டலம். மூக்கும் தோளும் வெயிலில் உரிந்து புதுத்தோல் வந்திருந்தது. நீயும் இப்படித்தான் இருப்பாய் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நீ உயிரோடிருக்கிறாய் என்பது உன் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது என்றாலும், தாளில் படிப்பது வேறு, உன் பக்கத்தில் படுத்து எழுந்தவன் வந்து நிற்பதைப் பார்ப்பது வேறு. பழனி முருகனுக்கு முதல் நன்றி. உங்களைத் தூக்கிவிட்ட சரக்குக் கப்பல்காரர்களுக்கு அடுத்தது. அவர்களுடைய பாஷை எனக்குத் தெரியாது, அவர்கள் கும்பிடும் சாமி எதுவென்றும் தெரியாது. அந்தக் கப்பலில் உனக்குக் கஞ்சி ஊற்றிய சமையல்காரனுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவை நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறேன்.

உன் கடிதம் அக்கா பேருக்கு வந்தது. மூங்கில் தெப்பம் கடல் தாண்டாது, நான் நினைத்தது தப்பு, காலேஜில் சிரித்தவர்கள் சிரித்தது சரிதான், அவர்களுக்கும் அப்படியே எழுதிவிட்டேன், கொஞ்ச காலம் இங்கே துறைமுகத்தில் ஒரு வேலையில் இருக்கிறேன் என்று நாலு வரி. தங்கமணி வாசித்து முடித்ததும் பெரியப்பா, "நாந்தான் அன்னைக்கே சொன்னேனல்லோ, மூங்கிலு பந்தலுக்கு ஆகும், பாடைக்கு ஆகும், கடலுக்கு ஆகாதுன்னு" என்றார். எனக்கு அந்த நாலு வரி உறுத்தியது. மரக்கலம் கட்டத் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே, நம் மலையில் தானாய் விளையும் மூங்கிலைக் கட்டி, தை மாதத்து வாடைக்காற்றைப் பாயில் பிடித்து, இந்தக் கரை மனிதர்கள் ஆப்பிரிக்கக் கரையில் போய் இறங்கியிருக்க முடியும் என்று சொன்னவன் நீ. முடியவே முடியாது என்றவர்களிடம், போய்க் காட்டுகிறேன் என்றவன். சோற்றுக்கு உட்கார்ந்தால்கூட அகத்திக் குச்சிகளை அடுக்கிக் குழம்புக் கிண்ணத்தில் மிதக்க விட்டவன். அப்படிப்பட்டவன் நாலு வரியில் எல்லாவற்றையும் புதைத்துவிட்டான், எதனால் முழுகியது என்று ஒரு சொல் இல்லை. செலவு எழுதாமல் மொத்தம் மட்டும் எழுதின கணக்குப் போல இருந்தது அது. அப்படி எழுதுகிறவர்கள் ஒரு வரியை மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த வரியைத்தான் சோமு சொன்னான். அவனாகச் சொல்லவில்லை. உன் அப்பா கேட்டு வாங்கினார்.

"கயிறு அத்துப்போச்சா தம்பி?"

"இல்லீங்கய்யா. கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"பாயி?"

"கிழிஞ்சுச்சு. தச்சுக்கிட்டோம்."

"பொறவு தண்ணி எப்படி ஏறும்? மூங்கிலு கணுவுக்குக் கணு அடைப்பு. உள்ள காத்துத்தானே இருக்குது?"

சோமு மோரைக் குடித்தான். குடித்து முடித்த பிறகும் சொம்பை வாயிலிருந்து எடுக்கவில்லை. பிறகு, "உப்புத் தண்ணி இல்லீங்களாய்யா" என்றான்.

"உப்பு வந்து மூங்கிலைத் தொளைக்குமா?"

பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "அட, உடுடா அந்தப் பையனை. பொழச்சு வந்தவனை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறே, வாளையார் செக்போஸ்ட்டுல லாரியை நிறுத்தினாப்பல."

அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. சோமு சொம்பைக் கீழே வைத்தான்.

"தொளை இருந்துச்சுங்கய்யா. வண்டு விழுந்துருச்சு. கடல்ல எறக்க முந்தி பேப்பூர்க் கரையில கெடந்தப்பவே மாவு மாவாக் கொட்டிக்கிட்டு இருந்துச்சு. ஊசி முனை கணக்கா அம்புட்டுத் தொளை. மெழுகு வச்சு அடைச்சோம், தாரு பூசுனோம். கடல்ல எறங்குன பொறவு ஒவ்வொண்ணா விட்டுப்போச்சு." கடைசி வார்த்தையை மட்டும் என் பக்கம் திரும்பிச் சொன்னான். "வீட்ல இத சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான்மா."

அப்பா எழுந்து மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்ததும் உனக்குத் தெரிந்ததும்தான் இனி எழுதுவது. ஆனாலும் எழுதுகிறேன். தங்கமணி வயிற்றுப் பிள்ளை ஒருநாள் இதை எடுத்துப் படித்தால், தாத்தாவும் மாமனும் எதனால் இப்படி ஆளுக்கொரு கரையில் நின்றார்கள் என்று அதற்கும் விளங்கட்டும்.

உன் அப்பா யாரிடமும் "போயிட்டு வா" என்று சொல்லி நான் கேட்டதில்லை. நான் முதல் பிரசவத்துக்கு என் அம்மா வீட்டுக்குப் போனபோதும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு மழை நாளில் சித்தூர் வரை நடந்துபோய் ஜோசியரிடம் கேட்டு, பிள்ளையோடு நான் திரும்பி வர ஒரு நாள் குறித்து ஆள் வசம் சொல்லி அனுப்பினார். அந்த ஆள் "வெசாளக்கெழமை நாள் நல்லாருக்குதாமுங்க" என்று சொன்னபோது, இந்த மனுஷன் என்னைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. தங்கமணி புருஷன் வீட்டுக்குப் போனபோது கண்ணைத் துடைத்தவர்கள் எல்லாரும் துடைத்தார்கள், இவர் வண்டி எந்த நாழிகையில் வாசலைத் தாண்ட வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நீ பாலக்காட்டுக் காலேஜில் சேரப் போனதும் அவர் குறித்த நாளில்தான். வாயில் வராததை அவர் நாளாகக் குறித்துத் தருவார். எனக்கு எழுத்து வந்ததே அவர் நாள் பார்க்கும் பஞ்சாங்கத்தை அவர் வைத்துவிட்டுப் போன பிறகு எடுத்து எழுத்துக் கூட்டிப் பார்த்துத்தான். என்ன குறித்திருக்கிறார், யாரை நினைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் எனக்கு வாத்தியார்.

தெப்பம் கட்டப் போகிறேன் என்று நீ சொன்ன நாளை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. "கடல் எந்தப் பக்கம்னு கேட்டாக் கை நீட்டத் தெரியாத ஊருல பொறந்துட்டு, கடலைத் தாண்டறானாம்" என்றார் அப்பா. நீ விடாமல் விளக்கினாய். காற்று, நீரோட்டம், அந்தக் கரையில் கிடைத்த நம் ஊர் மணிகள் என்று என்னென்னவோ. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்துல எவனோ போனானா போவலையான்னு இப்பத் தெரிஞ்சு, கடலைக்காய் வெலை ஏறுமா?" என்றார். நீ சோற்றுக் கையை உதறிவிட்டு எழுந்தாய். அதற்குப் பிறகு மாதக்கணக்காக இரண்டு பேருக்கும் நான்தான் தபால்காரி. ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "அவனைத் தண்ணி மடையைத் திருப்பச் சொல்லு" என்பார் அவர். "திருப்பியாச்சுன்னு சொல்லுங்கம்மா" என்பாய் நீ. நான் நடுவில் கீரை ஆய்ந்துகொண்டு, "கேட்டுச்சுங்களா?" என்று ஒரு தரம் அந்தப் பக்கமும், "கேட்டுச்சா?" என்று ஒரு தரம் இந்தப் பக்கமும் சொல்வேன்.

ஆவணியில் ஒருநாள் அவர் சித்தூரிலிருந்து வந்தார். வேட்டி முழங்கால் வரை சேறு. கால்கூடக் கழுவவில்லை. மடியிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து என்னிடம் நீட்டி, உனக்குக் கேட்கும்படி சொன்னார். "வர்ற புதன்கெழமை வளர்பெறை பஞ்சமி. நல்ல ஓரை இருக்குது. வாளையார்ல மூங்கிலு வெட்டறதுன்னா அன்னைக்கு மொத வெட்டு வெட்டச் சொல்லு."

மூங்கில் வெட்டத் தேய்பிறை வேண்டும் என்பது நம் ஊரில் தெரியாதவர் கிடையாது. பந்தல்கால் ஆனாலும் கூரை வாரை ஆனாலும் தேய்பிறையில் வெட்டினால்தான் நிற்கும், வளர்பிறை மூங்கிலில் சாறு ஏறியிருக்கும், வண்டு விழுந்து மாவாய்க் கொட்டும். அவருக்கும் அது தெரியாததல்ல, தொழுவத்துக்கு வாரை வாங்கும்போது எந்தப் பிறையில் வெட்டியது என்று கேட்டு வாங்குகிறவர்தான். ஆனால் அன்று அவர் கண்ணில் இருந்தது மூங்கில் அல்ல, பிள்ளை. பிள்ளை ஒரு காரியம் தொடங்குகிறான், தொடக்கத்துக்கு வளர்பிறை. அவ்வளவுதான் தோன்றியிருக்கிறது. பெரியப்பா வாயைத் திறந்தார். நான் அவர் கையில் காப்பி டம்ளரைத் திணித்தேன். தங்கமணி என்னைப் பார்த்தாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ அந்தத் தாளை வாங்கி இரண்டு தரம் படித்தாய். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நேராக அவர் முகத்தைப் பார்த்து, "சரிங்கப்பா" என்றாய்.

நான் அன்று பேசியிருக்க வேண்டும் என்று நீ நினைக்கிறாயோ என்னவோ. நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்த நாள் மறுபடி வந்தாலும் பேச மாட்டேன். அத்தனை மாதம் கழித்து உன் அப்பா திறந்த வாயை மூட எனக்கு மனசு வராது. புதன்கிழமை அவரும் உன்னோடு வாளையார்க் காட்டுக்கு வந்தார் அல்லவா, முதல் மூங்கிலுக்குச் சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, அவர் கையாலேயே முதல் வெட்டு வெட்டினாராம். வெட்டுக்காரர்கள் வளர்பிறையிலா என்று சிரித்தபோது, "எங்கப்பா பாத்த நாளு" என்று நீ அதட்டினாயாம். இதையும் சோமுதான் சொன்னான். ஏதாவது சாக்குச் சொல்லி நாலைந்து மூங்கிலோடு நிறுத்தி, மீதியைத் தேய்பிறைக்கு வைத்திருக்கலாம். நீ வைக்கவில்லை. பெற்றவர் கொடுத்ததை அப்படியே முழுசாக வாங்கிக்கொண்டாய். அந்தக் குணத்துக்கு நான் உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, கண்ணு. உன்னைப் பெற்றதற்குக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

கடலில் நீங்கள் பட்டதையெல்லாம் சோமு மெல்ல மெல்லச் சொன்னான். விடிந்ததும் நீ ஒவ்வொரு மூங்கிலாய் விரலால் தட்டிக்கொண்டே போவாயாம். டங்கென்றால் உள்ளே காற்று, மொத்தென்றால் தண்ணீர். நம் தோப்பில் தேங்காயைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்ப்பாயே, அந்தக் கை. நான் கட்டிக்கொடுத்த ராகி மாவைப் பிசைந்து துளைகளை அடைத்தீர்களாம். "மாவு போச்சும்மா, வயிறும் காஞ்சு போச்சு, மீனுதான் வந்து தொளையில இருந்த மாவத் தின்னுட்டுப் போச்சு" என்று அவன் சொல்ல, தங்கமணி சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதுவிட்டாள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பாயைப் பிடித்தீர்கள் என்றபோது நான் எழுந்து உள்ளே போய் விபூதி வைத்துக்கொண்டு வந்தேன்.

இதையெல்லாம் எதற்கு மறைத்தாய் என்று எனக்குத் தெரியும். நாள் குறித்தவர் நோகக் கூடாது என்று உன் கொள்கையையே பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டாய். ஊர் சிரிக்கட்டும், அப்பா தலை நிமிர்ந்திருக்கட்டும் என்று நினைத்தாய். அது பெரிய மனசு. ஆனால் கண்ணு, அதனால் ஒன்றும் காப்பாற்றப்படவில்லை. சோமு வருவதற்கு முன்பே அவருக்கு உள்ளுக்குள் சந்தேகம் இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் அப்படித் துருவிக் கேட்டிருக்க மாட்டார். இப்போது ராகி விதைக்க நாள் கேட்டுப் பண்ணையாள் வந்தால், "எனக்கு நாள் பாக்கத் தெரியாது, அண்ணனைக் கேளு" என்கிறார். பஞ்சாங்கம் ஆணியில் தொங்குகிறது, தொடுவதில்லை. தங்கமணிக்குச் சீமந்தத்துக்கு நாள் பார்க்கச் சொன்னதற்கும் அதே பதில். அவளே போய், "ஏனுங்கப்பா, நீங்க பாக்காட்டி நான் வெக்கவே மாட்டேன்" என்றதற்கு, "நான் பாத்த நாளு என்ன பண்ணுச்சுன்னு பாத்தியல்லோ" என்று சொல்லிவிட்டு வாய்க்காலுக்குப் போய்விட்டார். நீ வராமல் இருப்பது தன் மேல் உள்ள கோபத்தினால் என்று அவர் நினைக்கிறார். நீ வந்தால் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்தப் புதன்கிழமை நினைவுக்கு வருமே என்று நீ தள்ளி நிற்கிறாய். ஒருவருக்கொருவர் இவ்வளவு பிரியமாய் இருந்துகொண்டு இப்படிப் பட்டினி கிடப்பவர்களை நான் பார்த்ததில்லை.

சோமு கிளம்புகிற அன்று காலையில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா அவனைப் பஸ்ஸுக்குக் கூட்டிப்போக வண்டி பூட்டிக்கொண்டிருந்தார். நுகத்தடிக் கயிற்றை முடிந்துகொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"எவ்வளவு தூரம் போச்சு?"

"தீவையெல்லாம் தாண்டிட்டோம்ங்கய்யா. பாதிக் கடலு இருக்கும். அதுக்கும் மேலேன்னு கப்பல்காரக சொன்னாக."

"ஓட்டையோடயா?"

"ஓட்டையோடதான்."

கயிற்றை முடிந்த கை அப்படியே நின்றது. பிறகு, "ஓட்டை மூங்கிலே பாதிக் கடலு போச்சு" என்று மாட்டிடம் சொல்வது போலச் சொன்னார். இதெல்லாம் காதில் விழாதது போல நான் கோலப்பொடியைத் தூவிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் இருந்தது வருத்தம் மட்டுமல்ல. பந்தயத்தில் தன் காளை இரண்டாவதாக வந்தால் ஒரு முகம் வைத்துக்கொள்வாரே, அந்த முகம்.

அதைத்தான் நீயும் யோசிக்க வேண்டும். பால் தயிராகாமல் போனால் உறை மோர் கெட்டது என்று சொல்வோம், பால் தயிரே ஆகாது என்று யாரும் சொல்வதில்லை. வண்டு அரித்த மூங்கில் முழுகியது என்றால் வண்டு அரித்த மூங்கில் முழுகியது, அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. நல்ல மூங்கில் என்ன செய்யும் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. மறைக்காமல் சொன்னால் நான் உன் கொள்கை பொய்யாகப் போவதையே விரும்புகிறேன். கடல் தாண்ட முடியாது என்று ஊரறிய நிலைத்துவிட்டால் நீ இன்னொரு தெப்பம் கட்ட மாட்டாய், நான் சோறு இறங்காமல் வாசலைப் பார்த்து உட்கார வேண்டியிருக்காது. தாய்க்கு அந்த ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனால் அது தானாகப் பொய்யாகட்டும். நீ பொய் எழுதி அதைப் பொய்யாக்க வேண்டாம். காலேஜ்காரர்களுக்கு உண்மையை எழுது, சிரிக்கிறவர்கள் விஷயம் தெரிந்து சிரிக்கட்டும்.

அதற்கு முன்னால் உன் அப்பாவுக்கு எழுது. அக்கா பேருக்கும் வேண்டாம், என் பேருக்கும் வேண்டாம். உறையின் மேல் அவர் பேர் இருக்க வேண்டும். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அதனால் பெரிய எழுத்தாக எழுது. நான் படித்துக் காட்ட மாட்டேன், தங்கமணியிடமும் சொல்லிவிட்டேன். வண்டு விழுந்ததை எழுது. எந்த மூங்கில் முதலில் போனது, எது கடைசி வரை நின்றது என்று எழுது. நீ தெரிந்தேதான் அந்த நாளை வாங்கிக்கொண்டாய் என்பதையும் எழுது. அவர் தாங்குவார். தாங்க முடியாதது நீ பேசாமல் இருப்பதுதான். எல்லாம் எழுதிவிட்டு அடியில், ஏடனிலிருந்து நான் எந்த நாளில் கப்பல் ஏறட்டும், பார்த்துச் சொல்லுங்கப்பா என்று கேள். நீ வர நினைத்தால் மட்டும் கேள், எனக்காக வெறும் வார்த்தையாகக் கேட்காதே. நீ கேட்டால் அவர் ஆணியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுப்பார் என்று நான் நம்புகிறேன். எடுக்காவிட்டாலும் நீ கேட்டாய் என்பது அவருக்கு இருக்கும்.

இங்கே எல்லாரும் சுகம். தங்கமணிக்கு மாதம் நெருங்குகிறது. உன் கடிதம் கப்பலில் வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ தெரியவில்லை, அதனால் இதைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிடு. அவருக்குச் சீக்கிரம் கடிதம் போடு.

உன் அம்மா